ஊர் முழுக்க மாதா

ஒரு ஊரை எரிக்க வேண்டுமானால் முதலில் அதை ஒழுங்காகக் கட்ட வேண்டும். அருணாசலத்தின் பிழைப்பில் இதுதான் முதல் பாடம். ஹைதராபாத் மாதாப்பூரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்த அனிமேஷன் கம்பெனியில் அவனுக்கு வேலையே எரிப்பதும் இடிப்பதும்தான். பாலம், கப்பல், அரண்மனை என்று எட்டு வருஷமாகக் கம்ப்யூட்டரில் நொறுக்கித் தள்ளியிருக்கிறான். நிஜத்தில் ஆள் ஒரு தேங்காயைக்கூட ஒரே அடியில் உடைத்தது கிடையாது.

2006ல் ஜெர்மனியிலிருந்து ஒரு டிவி கம்பெனி வேலை கொடுத்தது. மாக்டெபர்க் என்று ஒரு ஊர். முன்னூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால், கத்தோலிக்கர்களும் லூதர் சபைக்காரர்களும் முப்பது வருஷம் விடாமல் அடித்துக்கொண்ட காலத்தில், அது லூதர் சபைக்காரர்களின் ஊர். ‘பழைய வேதத்துக்கே திரும்புங்கள், கதவைத் திறங்கள்’ என்று சக்கரவர்த்தியின் கத்தோலிக்கப் படை மாதக்கணக்கில் வளைத்துக்கொண்டு நின்றது. ஊர் திறக்கவில்லை. ஒரு மே மாதக் காலையில் படை மதிலேறிக் குதித்தது. ஒரே நாளில் ஊர் காலி. இருபத்தையாயிரம் பேரில் இருபதாயிரம் பேர் போய்ச் சேர்ந்தார்கள். பெரிய கோயிலும், அதற்குள் ஓடி ஒளிந்தவர்களும், ஆற்றங்கரையில் கொஞ்சம் மீனவர் குடிசைகளும்தான் மிச்சம். இந்தக் கொடுமையை ஆறு நிமிஷப் படமாகச் செய்துதர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

ஊரைக் கட்டியவள் ரோஸ்லின். தூத்துக்குடிக்காரி. மூன்று வருஷம் முன்பு ஹைதராபாத்துக்கு வந்து, ஐயப்பா சொசைட்டியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத பெண். எரியும்போது சுவர் விழும், சுவர் விழுந்தால் உள்ளே இருப்பது தெரியும் என்பதால் வீட்டுக்குள்ளே அடுப்பு, கட்டில், அலமாரி எல்லாம் செய்தாக வேண்டும். மற்றவர்கள் நான்கு பெட்டியை அடுக்கிக் கட்டில் என்பார்கள். ரோஸ்லின் கட்டிலுக்குப் போர்வை போட்டு, போர்வைக்கு ஒட்டுப் போட்டு, கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பும் விடுவாள்.

அந்தச் செருப்பில்தான் அருணாசலம் விழுந்தான். இரண்டு நாளாக அந்த வீட்டுக்குத் தீ வைக்காமல் உட்கார்ந்திருந்தவன், மூன்றாம் நாள் எழுந்து அவள் மேஜைக்குப் போய், “இவ்ளோ நல்லா கட்டாதீங்க. எரிக்க மனசு வர்லே” என்றான். ரோஸ்லின் அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஒருத்தன் இதற்கு மேல் எப்படித்தான் சொல்லுவான் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. மாலையே இரண்டு பேரும் டீக்கடையில் ஒரே தட்டில் உஸ்மானியா பிஸ்கட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அருணாசலத்தின் வீட்டில் பிரச்சினை இல்லை. அவன் பிறந்து வளர்ந்ததே ஹைதராபாத், அப்பா அங்கே பாலாநகர் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். “உனக்கும் ஒருத்தி சரின்னு சொல்லிட்டாளே!” என்று அம்மாவும் அவரும் அதிசயப்பட்டதோடு சரி. முற்றுகையெல்லாம் தூத்துக்குடியிலிருந்துதான்.

ரோஸ்லினின் அப்பா சூசைராஜ், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி ஓட்டிய தண்டல். தோணியில் தண்டல் வைத்ததுதான் சட்டம். அம்மா இல்லாத வீட்டிலும் அதே சட்டம்தான். தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு ரோஸ்லினின் செல்போன் அடிக்கும். “பையன் நல்லவனா இருக்கட்டும், வேண்டாம்னு சொல்லலையே. ஞானஸ்நானம் வாங்கச் சொல்லு. பேருகூட யோசிச்சுட்டேன். சேவியர் அருணாசலம்.” ஒன்பது மாதமாக இந்த ஒரே பீரங்கிதான். மாக்டெபர்க்கைக்கூட அவ்வளவு நாள் வளைத்து நிற்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அருணாசலத்துக்கு மாறுவதில் ஆட்சேபணையே கிடையாது. ரோஸ்லினுக்காகக் கொடிமரமாக மாறச் சொன்னாலும் மாறி நின்றிருப்பான். ஒப்புக்கொள்ளாதவள் அவள்.

“உனக்கு உள்ளேர்ந்து வந்தா நானே கையப் பிடிச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவேன். எங்கப்பாவுக்குப் பயந்துட்டு மாறுனேன்னு வை, அந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்” என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். “எங்கப்பா கையெழுத்து இல்லாமலும் எனக்கு வேண்டாம். அவருக்கு நான் ஒருத்திதான்.”

ஆக, மாறினால் பெண் கிடையாது, மாறாவிட்டால் பெண்ணின் அப்பா கிடையாது. அருணாசலம் பாவம், இரண்டு பக்கமும் மதில்.

சூசைராஜ் நேரில் வருகிறார் என்று தகவல் வந்தது. சனிக்கிழமை காலை சார்மினார் எக்ஸ்பிரஸில் இறங்குவார், ஞாயிறு சாயங்காலம் அதே வண்டியில் திரும்புவார், நடுவில் முடிவு சொல்லிவிடுவார். அதே சனிக்கிழமை காலையில்தான் ஜெர்மனியிலிருந்து அந்த மெயிலும் வந்து தொலைத்தது.

படத்தைச் சரிபார்க்க அங்கே ஒரு சரித்திரப் பேராசிரியர் இருந்தார். அவர் மரியாதையாகவே எழுதியிருந்தார். எரியும் வீடுகள் பிரமாதம். ஆனால் சுவர் விழும்போது, ஒவ்வொரு வீட்டிலும் மூலையில் ஒரு சின்ன மாடம் தெரிகிறது. அதில் நீல அங்கி போட்ட மாதா சுரூபம், முன்னால் விளக்கு. இந்த ஊர் லூதர் சபை ஊர். வீட்டுக்கு வீடு இப்படி மாதாவை வைத்து விளக்கேற்றுவது இவர்கள் வழக்கமில்லை. அது ஊருக்கு வெளியே நின்ற படைக்காரர்களின் வழக்கம். இன்று மாலை நாலு மணிக்குள் நீக்கி அனுப்பவும்.

ரோஸ்லின் தலையில் கை வைத்துக்கொண்டாள். முதல் வீடு கட்டியபோது, பதினொரு மாதத்துக்கு முன்னால், கைப்பழக்கத்தில் மூலையில் மாதாவை வைத்திருக்கிறாள். மாதா இல்லாத வீடு அவள் கண்ணுக்கு வீடாகவே தெரிந்திருக்காது. பிறகு அந்த வீட்டை வைத்து இன்னொரு வீடு, அதை வைத்து இன்னொன்று என்று நாற்பது மாதிரி வீடு செய்து, நாற்பதையும் நகலெடுத்து இரண்டாயிரம் வீடாக்கினார்கள். மாதாவும் கூடவே போய் இரண்டாயிரம் வீட்டிலும் குடியேறிவிட்டார். ஊர் முழுக்க மாதா. அருணாசலமும் பார்த்தான்தான், வீடு என்றால் சாமி இருக்கும் என்று அவனும் விட்டுவிட்டான்.

கம்பெனியை நடத்திய அனந்தராமன், ஜெர்மனியோடு போனில் பேசி மன்னிப்புக் கேட்க ரோஸ்லினைக் கண்ணாடி அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். “அருணா, மாதிரி வீடு நாப்பதையும் திறந்து ஒண்ணொண்ணா எடுத்துடு, நகல்லயெல்லாம் தானா போயிடும்” என்று அவள் சொல்லிக் கதவு சாத்திய அடுத்த நிமிஷம், வாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது.

“இங்க ரோஸ்லின்னு தூத்துக்குடிப் பிள்ளை இருக்கா?”

அப்பாவை ஹாஸ்டல் வரவேற்பறையிலேயே இருக்கச் சொல்லியிருந்தாள் ரோஸ்லின். இருப்பாரா? வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஒரு ரெக்சின் பை. கடலைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிப்போன கண். அருணாசலம் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோதியது.

“நீருதான் அருணாசலமா?”

“ஹவ் அங்கிள்.”

“என்ன தம்பி, குலைக்குதீரு?”

“ஆமான்னு சொன்னேன் அங்கிள். இங்க அப்படித்தான்...” நாற்காலியை இழுத்துப் போட்டான். “ரோஸ்லின் மீட்டிங்ல இருக்கா. உக்காருங்க.”

சூசைராஜ் உட்கார்ந்தார். பையைத் திறந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அட்டையில் சிலுவை. “ஞானோபதேசம். ஞானஸ்நானத்துக்கு முந்திப் படிக்கிறது, எங்க கோயில் பங்குச்சாமியார் உமக்குன்னு குடுத்துவிட்டாரு. முதல் பக்கத்த வாசியும் பாப்போம்.”

“அங்கிள், எனக்குத் தமிழ் படிக்க வராது. தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ் வரும். தமிழ்ல என் பேர் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அம்மா சொல்லிக் குடுத்தாங்க.”

சூசைராஜ் அவனை ஓட்டை விழுந்த தோணியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். புத்தகத்தைக் கொடுக்கவில்லை. மடியிலேயே இருந்தது.

“சரி, என்ன வேலை செய்யுதீருன்னு காட்டும். எம்மக என்னமோ ஊரு கட்டுதேன்னு சொல்லுதா.”

அருணாசலம் முந்தின நாள் வரைக்கும் முடிந்திருந்த படத்தை ஓட விட்டான். காலை வெயிலில் மதில், ஆறு, ஆற்றங்கரையில் குடிசைகள், காயப்போட்ட வலைகள். “வலையெல்லாம் இப்பிடியாவே போடுவாக?” என்று சூசைராஜ் ஆரம்பித்தார். அதற்குள் மதிலில் ஏணிகள் சாய்ந்தன. படை குதித்தது. முதல் தெருவில் தீ பிடித்தது. சூசைராஜ் வாயை மூடிக்கொண்டார். அருணாசலம் வைத்த தீ அப்படி. ஜன்னலில் நாக்கு நீட்டி, கூரைக்கு ஏறி, அடுத்த கூரைக்குத் தாவி, பத்து நொடியில் தெருவையே சுருட்டிக்கொண்டது. ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே விழுந்தது.

உள்ளே மூலையில், நீல அங்கியோடு, விளக்கு எரிய, மாதா.

சூசைராஜ் எழுந்துவிட்டார். ரெக்சின் பை கீழே விழுந்தது, புத்தகம் மட்டும் கையில் இருந்தது. அடுத்த சுவர் விழுந்தது, அங்கேயும் மாதா. அதற்கடுத்த வீட்டிலும் மாதா. அந்தப் பெரிய மனுஷன் நெற்றியில் சிலுவை போட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே “அருள் நிறைந்த மரியே வாழ்க” என்று ஆரம்பித்து, முழு ஜெபத்தையும் வாய்விட்டுச் சொன்னார். ஆபீஸில் அன்றைக்கு இருந்த நாலைந்து பேரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். படம் முடிந்து திரை கறுத்த பிறகும் அவர் கன்னத்தில் ஈரம் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

“எத்தன பேரு?” என்றார்.

“இருபதாயிரம் அங்கிள்.”

“அம்புட்டும் நம்ம சனம்.” திரையைக் காட்டினார். “வீட்டுக்கு வீடு மாதாவ வச்சு விளக்கேத்துன சனம். எனக்கு இது தெரியாமப் போச்சே. இத்தன வயசுக்கு ஒரு சாமியாரும் பிரசங்கத்துல சொல்லலையே.” பிறகு அருணாசலத்தின் தோளில் கை வைத்தார். கயிறு இழுத்துக் காய்த்த கை, நல்ல கனம். “நீரா தம்பி செஞ்சீரு? எம் மாதாவ இம்புட்டுப் பயபக்தியா, ஒரு வீடு விடாம... ஞானஸ்நானம் கெடக்கட்டும். தண்ணிய ஊத்துறது அப்புறம் ஊத்திக்கிடலாம். மனசால நீரு நம்ம ஆளுதான். சனவரியிலயே கல்யாணத்த வச்சிருவோம்.”

ஒன்பது மாத முற்றுகை, ஒரு நிமிஷத்தில் விலகிவிட்டது. அருணாசலம் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா நின்றால் போதும். ‘ஆமா அங்கிள்’ என்று சொன்னால்கூடப் போதும். ஞாயிறு சாயங்காலம் ரயிலேற்றிவிட்டால் தீர்ந்தது. நாலு மணிக்கு மாதாக்கள் எல்லாம் போய்விடுவார்கள், இவருக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

கண்ணாடி அறைக்குள் ரோஸ்லின் முதுகு தெரிந்தது. தலையை ஆட்டி ஆட்டி ஜெர்மன்காரனிடம் தன் தப்பை ஒப்புக்கொண்டிருந்தாள். பதினொரு மாதம் கட்டிய ஊரில் ஒரு தப்பு என்று தெரிந்ததும் ஒரு நொடி யோசிக்காமல், ‘ஆமாம், நான்தான்’ என்று எழுந்து போனவள். அவளைக் கட்டிக்கொள்வதற்காக அவள் அப்பாவிடம் பொய் சொல்வதா? தோளில் இருந்த கையின் கனம் அவனுக்குத் தாங்கவில்லை. இந்தக் கண்ணீரை ஏமாற்றி வாங்கியதாக ஆகிவிடும்.

“அங்கிள்” என்றான். “அந்த மாதாவை நான் வைக்கலே. ரோஸ்லின் வச்சா. அவளும் தெரியாம வச்சுட்டா. அது தப்பு. அந்த ஊர்ல வீட்டுக்கு வீடு மாதா கிடையாது. நாலு மணிக்குள்ள எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் படத்தை அனுப்பணும்.”

“மாதா இல்லன்னா? பின்ன யாரு அவுக?”

“அவங்களும் கிறிஸ்டியன்ஸ்தான். ஆனா வேற சபை. லூதர் சபை.”

கை தோளில் அப்படியே இருந்தது. “எரிச்சது?”

அருணாசலத்தின் தமிழில் பூசி மெழுகிச் சொல்லும் அளவுக்கு வார்த்தை இல்லை. “உங்காளுங்க அங்கிள். கத்தோலிக்க ராஜாவோட படை. ‘எங்க பக்கம் மாறு’ன்னு சொன்னாங்க. இவங்க ‘நக்கோ, வேண்டாம்’னுட்டாங்க. அதான்.”

கை தோளிலிருந்து எடுபட்டது.

சூசைராஜ் நாற்காலியில் உட்கார்ந்து ஞானோபதேசத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கறுத்த திரையையே பார்த்தார். அருணாசலம் மனசுக்குள் ரோஸ்லினுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டான். வந்த கல்யாணத்தை வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிவைத்த ஒரே முட்டாள் ஹைதராபாத்திலேயே தான்தான் என்று அவனுக்குத் தோன்றியது.

“தெரியாமப் போச்சு” என்றார் சூசைராஜ் கடைசியில். “அவுகளுக்காக ஒரு மந்திரம் முழுசாச் சொல்லிப்புட்டேன்.”

“சாரி அங்கிள்.”

“என்னத்துக்குச் சாரி? சொன்ன மந்திரத்தத் திருப்பி வாங்க முடியுமா? மாதா கேட்டிருப்பா.” மூக்கை உறிஞ்சினார். “அழுததயும் திருப்பி வாங்க முடியாது. ஆளு யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு அழுவணும்னா, அது அழுகையே இல்ல.” பிறகு, கோபமாகவே கேட்டார். “நாலு மணின்னீரே. மணி என்ன இப்ப? உக்காந்துட்டு இருக்கீரு? எடும்.”

“மாதாவையா?”

“பின்ன? அவுக வீட்டுல நம்ம மாதாவ உக்கார வச்சிட்டு, நம்ம ஆளுகளே போய்க் கொளுத்துற மாதிரி காட்டுனா, ரெண்டு பேருக்கும்லா கேவலம்? அவுக வீடு அவுக வீடாவே இருக்கட்டும். எடும், நான் எண்ணுதேன்.”

அருணாசலம் முதல் வீட்டைத் திறந்தான். மூலைக்குப் போய் மாடத்தைத் தொட்டான். மாதாவும் விளக்கும் மறைந்து வெறும் சுவர் நின்றது. “ஒண்ணு” என்றார் சூசைராஜ், சட்டென்று நெஞ்சில் ஒரு சிலுவையும் போட்டுக்கொண்டார். இரண்டு. மூன்று. ஏழாவது வீட்டில் கட்டிலுக்கு அடியில் அந்தச் செருப்பு ஜோடி தெரிந்ததும், “அட, இது எம்மக வேலைதான்! அவ அம்மா செருப்பு இப்பிடித்தான் கெடக்கும்” என்றார். அருணாசலத்துக்கு அது வரைக்கும் தெரியாது. அந்தச் செருப்பைப் பார்த்துத்தான் எரிக்க முடியாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். சூசைராஜ் எட்டாவது வீட்டை எண்ண மறந்துவிட்டு, இரண்டு தடவை ஒன்பது என்றார்.

ரோஸ்லின் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தபோது முப்பத்தொன்றாவது வீடு நடந்துகொண்டிருந்தது. அப்பாவும் அவனும் ஒரே திரைக்கு முன்னால் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். “எப்பப்பா வந்தீக? என்ன நடக்குது இங்க?”

“பேசாத பிள்ள. எண்ணிக்க விட்டுப்போவும்.”

நாற்பதாவது, ஆற்றங்கரையில் ஒரு மீனவர் குடிசை. எரியாத குடிசை. அதிலிருந்தும் மாதாவை எடுத்தான். “நாப்பது” என்றார் சூசைராஜ். பிறகு மடியிலிருந்த ஞானோபதேசத்தை எடுத்துப் பைக்குள்ளே அடியில் செருகினார். கையை வெளியே எடுத்தபோது நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது.

“பங்குச்சாமியார் ரெண்டு குடுத்தாரு. பொஸ்தகம் ஒண்ணு, இது ஒண்ணு. ‘ஆளப் பாத்துட்டு எதக் குடுக்கணுமோ அதக் குடும்’னாரு. நான் பொஸ்தகத்தத்தான் வெளிய எடுத்தேன்.” மகளைப் பார்க்காமலே சொன்னார். “இவன் வாயத் தொறக்காம இருந்திருந்தா இன்னிக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். தொறந்துட்டான். தண்டல்கிட்ட வந்து, ‘தோணி போற தெச தப்பு’ன்னு சொல்லுற ஆளு அமையணுமே. எங்கிட்ட அப்பிடி ஒருத்தனும் இருந்ததில்ல.”

“என்னப்பா இது?”

“பிஷப்புக்கு எழுதுன கடுதாசி. ஞானஸ்நானம் வாங்காத பையனுக்கு நம்ம பிள்ளையக் கோயில்லயே வச்சுக் கட்டிக்குடுக்க அனுமதி கேட்டு. கீழ என் கையெழுத்துதான் பாக்கி. பேனா குடு. முதல்ல தாள அவன்கிட்ட குடு, பாக்கட்டும். ஏல, என்ன முழிக்க? பிரி.”

அருணாசலம் தாளைப் பிரித்தான். முழுக்கத் தமிழ். எறும்பு ஊர்ந்த மாதிரி நெருக்கமான கையெழுத்து. ரோஸ்லின் வாங்கிப் படித்துச் சொல்லக் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. முதல் வரியிலிருந்து விரலை வைத்துத் தேடிக்கொண்டே வந்தான். மூன்றாவது வரியில் விரல் நின்றது. முன்னால் சேவியர் என்று ஏதாவது இருக்குமோ என்று பயந்துகொண்டே, அம்மா சொல்லிக்கொடுத்த ஆறு எழுத்தையும் ஒவ்வொன்றாகக் கூட்டினான்.

அ. ரு. ணா. ச. ல. ம்.

அவ்வளவுதான் எழுதியிருந்தது.